குடைப்பாறையின் முதல் மரியாதை

சத்தியம் தம்பி! உரக்கவே சொல்கிறேன், இந்தப் படகு ஜெட்டி முழுக்கக் கேட்கட்டும். நான் சொல்லப்போவதில் ஒரு எழுத்துப் பொய் இருந்தாலும் இந்தப் பலகை முறிந்து நான் கடலுக்குள் போகட்டும். மாரியம்மன் மேல் சத்தியம். கீழே ஓடுகிற தண்ணீர் மேல் சத்தியம். என் வாயில் மிச்சமிருக்கிற ஒன்பது பல் மேல் சத்தியம்!

இவ்வளவு தைரியமாகக் கத்துகிறேனே என்று பார்க்காதீர்கள். கேட்க ஆள் இல்லை. இன்றைக்கு வெள்ளிக்கிழமை, படகுக்காரர்கள் எல்லாரும் தொழுகைக்குப் போய்விட்டார்கள். உங்கள் படகுக்காரன் ஹம்சா திரும்பி வந்து உங்களை ஏற்ற இன்னும் ஒரு மணி நேரமாவது ஆகும். அதுவரை நீங்கள் எங்கேயும் ஓட முடியாது. நானோ இருபத்து மூன்று நாளாக வெளியாள் காதில் விழ ஒரு வார்த்தை பேசவில்லை. ஏன் என்று அப்புறம் வரும். நடுவில் யாராவது இந்தப் பக்கம் வந்தால் சட்டென்று வாயையும் மூடுவேன், கண்ணையும் மூடுவேன். கிழவன் போய்விட்டான் என்று பயந்து கத்திவிடாதீர்கள்.

கையில் என்ன? குடை. சிவப்பு. புதுசு, சீட்டுக்கூடப் பிய்க்கவில்லை. குடைப்பாறை அம்மனுக்கு நேர்ந்துகொண்டு வந்திருக்கிறீர்கள். த்தூ! உங்களை இல்லை தம்பி, கோபித்துக்கொள்ளாதீர்கள். குடையைப் பார்த்துத் துப்பினேன். குடையைக் கண்டாலே எனக்குக் குமட்டுகிறது. மழை வந்தால் நனைந்துகொண்டே போகிறேன்.

என் பெயர் வெள்ளையப்பன். இந்த மெலூர் தீவில் அந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டால் என் பெண்டாட்டிக்கே கொஞ்சம் யோசிக்க வேண்டியிருக்கும். ரேடியோ என்று கேளுங்கள், சின்னப்பிள்ளைகூட வீட்டைக் காட்டும். நாற்பது வருஷம் சுற்றுலாக்காரர்களைப் படகில் வைத்துக் குடாவைச் சுற்றிக் காட்டினேன். ஒரு தடவை ஒரு திருக்கை மீன் என் படகைக் கயிற்றோடு அக்கரைவரை இழுத்துப்போய், திரும்பக் கொண்டுவந்தும் விட்டது. அது வேறு கதை. அதுவும் சத்தியம்தான், ஆனால் இன்றைக்கு அது வேண்டாம்.

பதினோரு வருஷத்துக்கு முன்னால் ஒருநாள். நானும் ஹம்சாவும் கூட்டாகப் படகு ஓட்டின காலம். படகில் ஒரு வெள்ளைக்காரி, அவள் புருஷன். அவள் கையில் அந்தப் பெரிய ஹோட்டலின் குடை, பச்சையும் வெள்ளையுமாக. பாறைக்குப் பக்கத்தில் போய் எஞ்சினை அணைத்துத் துடுப்பில் நிற்கிறோம், எங்கிருந்தோ ஒரு காற்று வந்து குடையைப் பிடுங்கிக்கொண்டு போயிற்று. போய் அந்தப் பாறையின் உச்சியில், செருகினது மாதிரி நின்றுகொண்டது.

"ஹோட்டல் குடை! எடுத்துக் குடுங்க!" என்கிறாள்.

பாறையைப் பார்த்தேன். தண்ணீர் மட்டத்துக்குக் கத்தி கத்தியாகச் சிப்பி ஒட்டிக்கிடக்கிறது. காலை வைத்தால் கருவாட்டுக்குக் கீறினது மாதிரி கீறிவிடும். எனக்கு அப்போதே அறுபத்து மூன்று. ஹம்சாவைப் பார்த்தால் அவன் வானத்தைப் பார்க்கிறான். என்ன செய்வது? வாயைத் திறந்தேன்.

"எடுக்கக் கூடாதும்மா. அது இந்தப் பாறையில இருக்கிற அம்மன் கேட்டு வாங்கின குடை."

என்ன அம்மன் என்றாள். அவ்வளவுதான், என் வாய்க்கு ஒரு கேள்வி போதும். ஒரு பெண், கடலுக்குப் போன புருஷன் திரும்பி வருவான் வருவான் என்று மழையிலேயே நின்று கல்லாகிப்போனாள். அவளுக்குக் குடை கொடுக்கிறவர்கள் கேட்டது நடக்கும். முந்நூறு வருஷமாக நடக்கிறது என்று என் ஓட்டை இங்கிலீஷில் சொன்னேன். புருஷன்காரன் கொஞ்சம் விவரமானவன். "முந்நூறு வருஷத்துக்கு முன்னாடி இங்க ஏது குடை?" என்றான்.

"தாழை ஓலைக் குடை," என்றேன்.

பார்த்தீர்களா! ஒரு கண் இமைக்கிற நேரம்கூட ஆகவில்லை. அந்தத் தாழை ஓலைக்காகவே எனக்கு ஒரு சிலை வைக்கலாம்.

அந்த அம்மாவுக்கு ஆறு வருஷமாகக் குழந்தை இல்லையாம். படகிலேயே கண்ணை மூடிக் கும்பிட்டாள். ஊருக்குப் போய் ஒரு வருஷத்தில் குழந்தை. அதைப் படம் பிடித்து, பாறையையும் குடையையும் படம் பிடித்ததோடு சேர்த்து, உலகம் முழுக்கப் போட்டுவிட்டாள். அடுத்த வருஷம் பாறையில் பதினாலு குடை. அதற்கடுத்த வருஷம் எண்ணுவதை விட்டுவிட்டேன்.

அதோ, ஹோட்டல் வண்டி வருகிறது. ஒரு நிமிஷம்.

...

போய்விட்டார்களா? படம் எடுத்தார்களா? எடுத்திருப்பார்கள். சனியன்கள்.

எங்கே விட்டேன்? ஆ, கிம் அக்கா. கோப்பிக்கடை கிம் அக்காவைப் பார்த்திருப்பீர்கள், சந்து முனையில். அவள் மகன் இரண்டு தடவை பரீட்சையில் தோற்றவன். அவள் ஒரு சிவப்புக் குடை கொண்டுபோய்க் கட்டினாள். மூன்றாம் தடவை பாஸ். உடனே அவர்கள் சீன முறைப்படி ஊதுவத்தி, தங்கக் காகிதம், ஐந்து கமலாப்பழம். அதைப் பார்த்துவிட்டு நம் ஆட்கள் தேங்காய், எலுமிச்சம்பழம், மஞ்சள் துணி. ஹம்சாவிடம் ஆற்றாமையோடு கேட்டேன். நாங்கள் பேசுவது பாதி மலாய், பாதி தமிழ். "நாம ரெண்டு பேரும் இருந்தப்ப நான் விட்ட கதைதானடா இது?" என்றேன். அவன் நிதானமாகச் சொல்கிறான்: "எனக்குக் கும்பிடுற வழக்கம் இல்ல ரேடியோ. ஆனா குடை விக்கக் கூடாதுன்னு எங்கயும் எழுதல." அவன் மகள் இப்போது ஜெட்டி வாசலில் குடைக்கடை போட்டிருக்கிறாள். உங்கள் குடை அங்கே வாங்கினதுதானே? தெரியும். கைப்பிடி மூன்று நாளில் கழன்றுவிடும்.

நீங்கள் இன்னும் பாறையைக் கிட்டத்தில் பார்க்கவில்லை. படத்தில் பூப்பூத்த மாதிரி இருக்கும். கிட்டே போங்கள்! நானூறு குடை. துணி கிழிந்து, கம்பி துருப்பிடித்து, மேலே கடற்பறவை எச்சம், உள்ளே அழுகின கமலாப்பழம், தங்கக் காகிதம் ஊறின கஞ்சி. செத்த வௌவால் கூட்டம் மாதிரித் தொங்கும். காற்று இந்தப் பக்கம் திரும்பினால் சோறு இறங்காது. கம்பிகள் எஞ்சினில் மாட்டி ஒரே மாதத்தில் மூன்று படகு நின்றது. சாமியாம்! ஒரு சாமி இப்படி நாறுமா தம்பி?

அதைவிட நாற்றம் கோயிலில். எங்கள் மாரியம்மன் கோயில் கித்தாத் தோட்டத்துக்கு, அதுதான் ரப்பர் தோட்டத்துக்கு, வந்து இறங்கின ஜனங்கள் கட்டினது. மாசி மகத்தன்று அம்மன் கடலில் தீர்த்தம் ஆடுவாள். அவ்வளவுதான், கோப்பிக்கடையில் பாதிப்பேர்கூட எட்டிப் பார்க்க மாட்டார்கள், நிம்மதியாக ஆடிவிட்டு வருவாள். இப்போது? மாசி மகத்தில் ஹோட்டலில் கூட்டம் இல்லையாம், பள்ளி விடுமுறையில் வைத்துக்கொள்ளலாமா என்று மேனேஜர் ஜெரால்ட் கேட்டான். கமிட்டி சரி என்றது. அம்மனுக்கு லீவு பார்த்துக் குளியல்! 'குடைத் திருவிழா' என்று பெயர். ஹோட்டல் மணலில் சிங்க நடனம், கொம்பாங் மேளம், கோலாட்டம், எல்லாப் பிள்ளை கையிலும் குடை. நீச்சல் குளத்து ஓரத்தில் ஒரு ஜூஸ் கொடுக்கிறான், மேலே கட்டைவிரல் அளவு காகிதக் குடை செருகி. அதற்குப் பெயர் அம்மன் தீர்த்தமாம். நான் ஒன்று வாங்கிக் குடித்துப் பார்த்தேன். அன்னாசி. இரண்டாவதும் அன்னாசிதான். மூன்றாவது கொடுக்க மாட்டேன் என்றுவிட்டான்.

நடுவில் எனக்கு வாதம் அடித்தது. மூன்று வருஷத்துக்கு முன்னால். கை கால் தப்பித்தது, வாய்தான் கோணிக்கொண்டது. பத்தொன்பது நாள் பேச்சு இல்லை. உள்ளே எல்லாம் ஓடுகிறது, வெளியே 'ப்பா, ப்பா' என்று எச்சில்தான் வருகிறது. தீவு அப்போதுதான் நிம்மதியாகத் தூங்கியது என்று என் மச்சான் ஊரெல்லாம் சொன்னானாம். அப்புறம் அக்கரை ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டர் பெண், குழந்தை மாதிரி இருப்பாள், கெட்டிக்காரி, அவள் கொடுத்த மாத்திரையில் இருபதாம் நாள் நாக்கு திரும்பியது. வீட்டில் கட்டிலில் படுத்திருந்தேன். கதவுக்குப் பின்னால் ஆணி காலியாக இருந்தது. நான் பேசின முதல் வார்த்தை என்ன தெரியுமா? "என் கறுப்புக் குடை எங்கடி?" என் பெண்டாட்டி அஞ்சலை தரையில் உட்கார்ந்து அப்படி அழுதாள். ஒரு பழைய குடைக்கு இப்படி அழுகிறாளே, அதுவும் கைப்பிடி உடைந்து சைக்கிள் டியூபால் நான் சுற்றிவைத்த குடை என்று நினைத்துக்கொண்டேன். கிம் அக்காதான் எடுத்திருப்பாள். இந்த வருஷத் திருவிழா வரைக்கும் அவளைப் பார்க்கும்போதெல்லாம் ஜாடையாகக் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன்.

சரி, இனிமேல்தான் விஷயம். என் வயிறு எரிகிற இடம்.

இந்த வருஷம் கமிட்டியில் தீர்மானம் போட்டார்கள்: குடைத் திருவிழாவுக்கு இனி ஒரு முதல் மரியாதை உண்டு. அம்மன் பட்டைத் தலையில் பரிவட்டமாகக் கட்டி, மாலை போட்டு, முதல் படகில் நிறுத்தி, முதல் விபூதி. யாருக்கு? என் மச்சான் சங்கிலிமுத்துவுக்கு! என் பெண்டாட்டியின் கூடப்பிறந்த அண்ணன். ஹோட்டலில் புல் வெட்டிக்கொண்டிருந்தவன், இப்போது கோயில் தலைவர். அவன் சொல்கிற கதையைக் கேளுங்கள். ஜப்பான்காரன் காலத்தில் அவனுடைய தாத்தா குண்டுக்குப் பயந்து அந்தப் பாறையில் ஒளிந்தாராம், அம்மன் வந்து குடை பிடித்து மறைத்தாளாம். தம்பி, பொய்யிலும் ஒரு நேர்த்தி வேண்டாமா? விமானம் மேலே வரும்போது, நடுக்கடல் பாறையில் குடை விரித்தால் மறைக்குமா, காட்டிக்கொடுக்குமா? அந்தத் தாத்தா ஜப்பான்காரன் காலத்தில் தீவில் இல்லவே இல்லை, அக்கரைத் தோட்டத்தில் பால் மரம் சீவிக்கொண்டிருந்தார். இந்த மாதிரி ஓட்டைப் பொய்யனுக்குப் பரிவட்டம்! பெற்றவன் நான், பெயர் வைக்கிறவன் அவனா?

பரிவட்டத்துக்கு ஆசைப்பட்டேன் என்று நினைக்காதீர்கள். எனக்கு அந்தத் துணி தூசு. நியாயம் தம்பி, நியாயம். இந்தத் தீவில் நாற்பது வருஷம் பேசியிருக்கிறேன், ஒருத்தன்கூட என்னை எழுந்து நில் என்று சொன்னதில்லை. உட்கார் ரேடியோ, உட்கார் ரேடியோ என்றுதான் சொல்லியிருக்கிறார்கள்.

கமிட்டிக் கூட்டத்துக்குப் போனேன். கோயில் மண்டபம் நிறைய ஆள். எழுந்து நின்றேன்.

"இந்த அம்மனை உண்டாக்கினதே நான். பதினோரு வருஷத்துக்கு முன்னாடி என் வாயில இருந்து வந்தவ. பரிவட்டம் எனக்குத்தான் சேரணும்."

மச்சான் மாலை போட்ட மாடு மாதிரிச் சிரித்தான். "அப்போ அம்மன் பொய்ங்கிறியா மாப்ள?"

"பொய்தான்! என் பொய்!"

"பொய்யான அம்மனுக்கு எதுக்குப் பரிவட்டம்? நெசமான அம்மன்னா நீ எப்படி உண்டாக்கின? ரெண்டுல ஒண்ணச் சொல்லிட்டு உக்காரு."

எப்படி மாட்டிவிட்டான் பாருங்கள். ஓட்டைப் பொய்யனுக்கு அந்த ஒரு கேள்வி மட்டும் எங்கிருந்து வந்ததோ. கிம் அக்கா பின்னாலிருந்து கத்துகிறாள்: "ஏய் ரேடியோ! ஒன் பொய்யா வந்து என் மகனுக்குப் பரீட்சை எழுதுச்சு? குடைத் திருடின்னு என்னையச் சொன்னே, இப்போ சாமியும் திருடியா?" ஜெரால்ட் என் தோளைத் தட்டி, "அங்கிள், சாமியையே உண்டாக்கின தாத்தா, ஸ்டோரி ரொம்ப நல்லாருக்கு லா. ஆனா புரோஷர் அடிச்சாச்சு," என்கிறான்.

எனக்கு ஒரே சாட்சி ஹம்சா. அவனைக் கூட்டிப்போய் வாசலில் நிறுத்தியிருந்தேன். "சொல்லுடா, அன்னைக்குப் படகுல நான் என்ன சொன்னேன்?"

ஹம்சா முதலில் என்னைப் பார்த்தான். அப்புறம் பெண்கள் பக்கம் அஞ்சலையைப் பார்த்தான். அப்புறம் கீழே பார்த்துக்கொண்டு, "அன்னைக்கு எஞ்சின் சத்தம். எனக்கு ஒண்ணும் கேக்கல," என்றான்.

எஞ்சின் அணைந்திருந்தது தம்பி! துடுப்பில் நின்றிருந்தோம் என்று சொன்னேனே! நாற்பது வருஷக் கூட்டாளி. மகள் குடை விற்கிறாள், வேறென்ன. நாலு குடைக்கு நட்பை விற்றான். என் பெண்டாட்டியாவது ஒரு வார்த்தை பேசுவாளா? வந்து என் கையைப் பிடித்து இழுக்கிறாள். "வாங்க வீட்டுக்கு. இருக்கிற சாமியெல்லாம் பத்தாதுன்னு இதோட வேற மல்லுக்கு நிக்கணுமா?"

முடிவு செய்துவிட்டேன். திருவிழா அன்று விடியற்காலை, படகுகள் கிளம்பும் முன்பே பாறைக்குப் போவது. ஒரு குடை விடாமல் பிடுங்கிக் கடலில் எறிவது. ஊர் வந்து பார்க்கட்டும். மொட்டைப் பாறையில் நான் நிற்பேன். "பாருங்கடா, உங்க அம்மன் என் கையை முறிச்சாளா, கண்ணைக் குத்தினாளா? பொய்டா! என் பொய்!" என்று சொல்வேன். பரிவட்டம் எனக்கு இல்லையென்றால் யாருக்கும் இல்லை.

என் பழைய சம்பானை எடுத்துக்கொண்டு போனேன். பதினோரு வருஷத்தில் அன்றைக்குத்தான் அந்தப் பாறையில் முதன்முதலாகக் கால் வைத்தேன். சிப்பி இரண்டு காலையும் கிழித்தது, பாருங்கள் தழும்பை. படகைக் கட்ட ஒரு பிடிமானம் தேடினேன், கிடைத்ததில் கட்டினேன். எதில் என்று கேட்காதீர்கள். சரி, சொல்கிறேன், ஒரு குடைக் கைப்பிடியில். நாற்பது வருஷப் படகுக்காரன்! கோபம் கண்ணை மறைத்தது.

பிடுங்க ஆரம்பித்தேன். எழுநூறு குடை தம்பி. முதலில் நானூறு என்றேனா? ஈரத்தில் ஊறி அதிகமாகிவிட்டது. ஒவ்வொன்றிலும் மையால் எழுதியிருக்கிறார்கள். சீனத்தில், இங்கிலீஷில், தமிழில். வீடு வேண்டும், வேலை வேண்டும், அவள் திரும்பி வர வேண்டும். தொட்டாலே முடிச்சு அவிழ்ந்து வருகிறது. யாருக்கும் கயிறு கட்டத் தெரியவில்லை. கையெல்லாம் பறவை எச்சம், துரு, வழுவழுப்பு. ஓங்கரித்துக்கொண்டே எறிந்தேன். அம்மனும் வரவில்லை, ஆத்தாளும் வரவில்லை. திரும்பிப் பார்த்தால் சம்பான் தனியாக மிதந்துபோகிறது, கூடவே அந்தக் கைப்பிடியும்.

மேற்குப் பக்கம் ஒரு பொந்து உண்டு. காற்று படாத இடம். அதற்குள் ஒரு குடை இருந்தது. இழுத்தேன், வரவில்லை. மறுபடி இழுத்தேன், வரவில்லை. குனிந்து பார்த்தால் கயிற்றில் படகு முடிச்சு. இரண்டு சுற்றுச் சுற்றி உள்ளே விட்டு இழுக்கிற முடிச்சு, ஹம்சாவுக்குத் தெரியும், எனக்குத் தெரியும். துணி காயப்போடக் கொடி கட்டுவதற்காக இன்னொருத்திக்கும் நான் சொல்லிக்கொடுத்திருக்கிறேன்.

கறுப்புக் குடை. கைப்பிடியில் சைக்கிள் டியூப்.

விரித்துப் பார்த்தேன். உள்பக்கம் வெள்ளை மையில் எழுத்து. அஞ்சலை தோட்டத்துப் பள்ளியில் மூன்றாவதுவரை படித்தவள். அவள் எழுத்தில் 'ண'வுக்கு ஒரு சுழி எப்போதும் கூடுதலாக இருக்கும். 'ஆத்தா, அவரு பேசணும். பொய் பேசுனாலும் பரவால்ல.'

அவ்வளவுதான். பெயர்கூடப் போடவில்லை.

நல்ல குடை தம்பி! தையல் விடாத குடை! இப்படிக் கொண்டுவந்து உப்புக் காற்றில் பாழாக்கி வைத்திருக்கிறாளே என்று எனக்கு எவ்வளவு எரிச்சல் வந்தது தெரியுமா. கண்ணில் வேறு உப்புத் தண்ணீர் தெறித்துவிட்டது. அவளுக்குப் படகு ஓட்டத் தெரியாது. யார் கூட்டிப்போனது என்று நான் இதுவரை யாரையும் கேட்கவில்லை. என்னை விட்டால் அவள் நம்பிப் படகில் ஏறக்கூடியவன் இந்த ஜெட்டியில் இன்னும் ஒருத்தன்தான்.

அந்த நேரம் பார்த்து மழை. சும்மா இல்லை, கொட்டுகிறது. அந்த மழைக்குள்ளே உறுமி மேளம் கேட்கிறது. படகுகள் வருகின்றன. முதல் படகில் அம்மன், பக்கத்தில் பூசாரி, பரிவட்டத்தோடு மச்சான், கையில் ஒலிபெருக்கியோடு ஜெரால்ட். பின்னால் கிம் அக்கா ஊதுவத்தி அணையாமல் பொத்திக்கொண்டு. அதற்குப் பின்னால் வெள்ளைக்காரர்கள். ஹம்சாவின் படகில் பால் குடத்தோடு அஞ்சலை. கடல் முழுக்க நான் எறிந்த குடைகள் மல்லாந்து மிதக்கின்றன. பாறையில் நான், காலெல்லாம் ரத்தம், தலைக்கு மேலே கறுப்புக் குடை.

எல்லாம் நான் நினைத்தபடியே அமைந்திருக்கிறது பாருங்கள். மொத்த ஊரும் எதிரே. மேளம் நின்றுவிட்டது. பேச்சு தயாராக இருக்கிறது, மூன்று நாள் ஒத்திகை பார்த்த பேச்சு. வாயைத் திறந்தேன். அஞ்சலை என் முகத்தைப் பார்க்கவில்லை. குடையைப் பார்த்தாள். முந்தானையை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டாள்.

நாக்கு நன்றாகத்தான் இருந்தது. வாதம் கீதம் ஒன்றும் இல்லை. ஆனால் ஒரு வார்த்தை வரவில்லை.

வாயை மூடிக்கொண்டேன்.

ஒரு நிமிஷம் போயிற்று. இரண்டு நிமிஷம். ஊர் என்னைப் பார்க்கிறது, நான் ஊரைப் பார்க்கிறேன். கிம் அக்காதான் முதலில் அலறினாள். "அய்யோ! ரேடியோ பேசல!"

"ரேடியோ பேசலடா!"

"மாமா வாயத் தொறக்கல! அருள் வந்திருச்சு!"

பாருங்கள் தம்பி, இந்த ஜனங்களின் புத்தியை. நாற்பது வருஷம் பேசினதை ஒருத்தன் நம்பவில்லை. ரெண்டு நிமிஷம் பேசாமல் இருந்தேன், மொத்தத் தீவும் விழுந்து கும்பிடுகிறது! மிதக்கிற குடையெல்லாம் அம்மனே எடுத்துக்கொண்டதாம். பூசாரி கற்பூரம் காட்டுகிறார், மழையில் அது எரிகிறது, நல்ல கற்பூரம் போலிருக்கிறது. மச்சான் பாறை மேல் ஏறி வருகிறான், சிப்பி குத்திக் குத்தி நொண்டிக்கொண்டு. தன் தலையிலிருந்து பரிவட்டத்தை அவிழ்த்து என் தலையில் கட்டுகிறான். கட்டும்போது என் காதில் கேட்கிறான்: "மாப்ள, நெசமாவே வந்திருச்சா?"

பதில் சொல்வேனா? மூச்சுக்கூட விடவில்லை. அந்தக் கேள்விக்காக இன்னும் பத்துப் பாறை ஏறலாம்.

இறங்கும் முன் கறுப்புக் குடையை இருந்த பொந்திலேயே, இருந்த முடிச்சிலேயே கட்டிவிட்டு வந்தேன். அதையும் அருள் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள்.

அப்புறம் கமிட்டி கூடியது. அம்மன் என்னை மௌனத்தில் வைத்திருக்கிறாளாம், ஒரு மண்டலம் நாற்பத்தெட்டு நாள் நான் பேசக் கூடாதாம். 'மௌனச் சாமி' என்று ஜெரால்ட் புரோஷரை மறுபடி அடித்துவிட்டான். தினமும் இரண்டு மணி நேரம் இந்த ஜெட்டியில் உட்கார வேண்டும், வருகிறவர்கள் பார்க்க. கேவலம்! ஊரை ஏமாற்றுகிற பிழைப்பு! காலையும் மாலையும் கோயிலிலிருந்து பால் வருகிறது, அதைக் குடித்துக்கொண்டு இந்த அநியாயத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். போகிறபோது எல்லாரும் எழுந்து நிற்கிறார்கள். அது மட்டும் பரவாயில்லை.

வீட்டில் பேசலாமே என்பீர்கள். முதல் நாள் ராத்திரிச் சோறு போடும்போது நான்தான் மெல்ல ஆரம்பித்தேன். "ஏண்டி, அது என் பொய்யின்னு ஒனக்குத் தெரியாதா? அன்னைக்கு வீட்டுக்கு வந்து மொதல்ல ஒங்கிட்டத்தான சொல்லிச் சிரிச்சேன்?"

அவள் ரசம் ஊற்றிக்கொண்டே சொன்னாள்: "தெரியும். மாரியம்மன்கிட்ட கேட்டேன். மாதா கோயில்ல மெழுகுவத்தி வச்சேன். கிம் அக்காவோட போய் அவுங்க கோயில்ல வத்தி கொளுத்துனேன். தர்கா மண்ணும் கொண்டாந்து பூசுனேன். எல்லார்கிட்டயும் கேட்டாச்சு. கடைசியா ஒங்க பொய்கிட்டயும் ஒரு வார்த்த கேட்டுப் பாத்தேன்."

அப்புறம், "சாப்புடுங்க. மண்டலம் முடியலை, பேசக் கூடாது," என்று சொல்லிவிட்டு அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள். தோள் குலுங்குகிறது. சிரிக்கிறாளா என்ன என்று நான் எட்டிப் பார்க்கவில்லை.

மாத்திரைதான் தம்பி. சத்தியமாக அந்த டாக்டர் பெண்ணின் மாத்திரைதான். இந்த ஏழு பல் மேல் சத்தியம்.

அதோ பாருங்கள், தொப்பியைக் கழற்றி மடித்துக்கொண்டே ஒருத்தன் வருகிறான், ஹம்சாதான். சீக்கிரம், உங்கள் குடையைக் கொடுங்கள். சீ, இது என்ன முடிச்சு, செருப்புக்கு வார் கட்டினது மாதிரி. இப்படி. இரண்டு சுற்று, உள்ளே விட்டு இழுக்க வேண்டும். இனிப் புயல் வந்தாலும் அசையாது. என்ன எழுதியிருக்கிறீர்கள் என்று நான் கேட்கவில்லை. உச்சியில் கட்டாதீர்கள், நாறும். மேற்குப் பக்கம் பொந்தில் ஒரு கறுப்புக் குடை இருக்கும். அதன் மேல் படாமல் பக்கத்தில் கட்டுங்கள்.

இதையெல்லாம் யார் சொன்னது என்று மட்டும் யாரிடமும் மூச்சுவிடாதீர்கள். வடை விற்கிற ஒரு கிழவி, என் வீட்டுக்காரிதான், கேட்டால் அவளிடமும் சொல்லாதீர்கள். ஜெட்டியில் ஒரு ஊமைச் சாமி பக்கத்தில் உட்கார்ந்திருந்தது, ஒரு மணி நேரமும் வாயே திறக்கவில்லை என்று சொல்லுங்கள். நம்பவில்லையென்றால் சத்தியம் செய்துவிடுங்கள், ஒன்றும் ஆகாது.

ஷ். வந்துவிட்டான்.